இருபது எண்ணும்வரை

ஜூலை 8, ஞாயிறு

சோளகக் காற்று நிற்கவேயில்லை. விடிய ஐந்து மணிக்கு எழும்பி முற்றம் கூட்டினேன். ஏழு மணிக்குப் பார்த்தால் கூட்ட முதல் கிடந்த அதே மண். இனி ஆவணி முடியும் மட்டும் இப்படித்தான். மண்ணுக்கும் வெட்கமில்லை, கூட்டுகிற எனக்கும் வெட்கமில்லை.

முதல் பூசைக்குப் போனேன். கடைசி வாங்கில் இருந்தேன். சமாதானம் சொல்லுகிற நேரம் முன்வாங்கில் இருந்தவர் திரும்பி, நான் என்று கண்டதும் கூப்பிய கையைப் பாதியில் இறக்கிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். போகட்டும். நானும் அவருக்குக் கும்பிட்டிருக்கமாட்டேன். பொய். கும்பிட்டிருப்பேன்.

செய்ய வேண்டியவை:
– அந்தோனியின் மீன்பிடிப் போட்டுக்கு நம்பர் எழுத (கறுப்புப் பெயின்ற் முடிந்துவிட்டது, வாங்க வேண்டும்)
– திங்கள் ஆமிக் காம்பில் மாதக் கையெழுத்து, 10 மணிக்கு முன்
– கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய்
– ரமணன் தம்பிக்குப் பதில்

நாலாவதுதான் பெரிய வேலை. நேற்று நடந்ததை நேற்றே எழுதாமல் விட்டேன். மறதியில்லை, வெட்கம். பின்னேரம் மூன்று மணி போல ஒரு வெள்ளை வான் வந்து படலையடியில் நின்றது. வெள்ளை வானைக் கண்டதும் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வேலியால் பாய்ந்து, பக்கத்து வளவு ஆட்டுக்கொட்டிலுக்குள் போய் இருந்தேன். முக்கால் மணித்தியாலம். மூன்று ஆடுகளும் மெல்லுவதை விட்டுவிட்டு என்னையே பார்த்தபடி. கடைசியில் நாசர் நானா வந்து எட்டிப் பார்த்து, “ஹீரோ, வெளிய வாங்க. ஆக்களைத் தூக்குற வேன் இல்ல இது. படம் எடுக்கிற ஆக்கள்” என்றார். முழங்காலில் புழுக்கையோடு எழும்பி வந்தேன்.

நாசர் நானாவுக்குச் சந்தியில் தேத்தண்ணிக் கடை. தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனத்தைத் துரத்தியபோது போய், இருபது வருஷம் புத்தளத்தில் இருந்துவிட்டு அவர் ஊர் திரும்பிய அதே மாதம்தான் புனர்வாழ்வு முகாமிலிருந்து நானும் திரும்பினேன். பிறந்த ஊரிலேயே இரண்டு பேருக்கும் வந்தான் வரத்தான் என்ற மரியாதை. பள்ளிமுனையில் என்னோடு இருந்து கதைக்கிற ஒரே மனிசன்.

வானில் வந்தவன் ரமணன். யாழ்ப்பாணத்துப் பொடியன், முப்பது வயது வராது, டிரெக்டராம். என்னுடைய ஒரே படத்தைச் சமாதான காலத்தில் பள்ளிக்கூடம் படிக்கிறபோது மூன்று தரம் பார்த்தவனாம். வீடு விசாரித்து வந்திருக்கிறான். புதுப் படத்தில் எனக்கு ஒரு தகப்பன் வேஷம். தலைமன்னார் இறங்குதுறை, தொண்ணூறாம் ஆண்டு, மகளை இந்தியாவுக்குப் போகிற வள்ளத்தில் ஏற்றிவிடுகிற தகப்பன். ஒரு நாள் வேலை, வரும் வெள்ளி. யோசித்துச் சொல்லுறன் என்றேன். வாய்க்குள் ஆட்டுமணம்.

பின்னேரம் கனடாவிலிருந்து ரெஜினா அக்கா போன் எடுத்தா. சொன்னேன். “நடிச்சுக் கிழிச்சது காணும். பேசாமல் இரு” என்றா. அங்கே காலை வேலைக்குப் போக வேண்டுமாம், வைத்துவிட்டா.

சோறு, சூடைமீன் சொதி. ஒரு ஆளுக்குச் சமைக்க இன்னும் பழகவில்லை. மிஞ்சினதை நாய்க்குப் போட்டேன். அதுவும் என்னுடைய நாயில்லை.

ஜூலை 9, திங்கள்

காற்று. கழுதைகள் எல்லாம் பஸ் நிலையத்துச் சுவரோடு ஒதுங்கி நிற்கின்றன, மனிசர் காற்றில் நிற்கிறார்கள்.

கையெழுத்து. மேசையில் இருக்கிற கோப்ரல் என்னைக் கண்டதும் உள்ளுக்குப் பார்த்து, “நளுவா ஆவா” என்று சொல்லுவான். நடிகன் வந்திருக்கிறான் என்று அர்த்தம். கேலிதான், ஆனால் மாதத்தில் ஒருநாள் என்னைக் கண்டு ஒருத்தன் சிரிக்கிறான் என்றால் அவன்தான். படத்துக்குக் கூப்பிட்டதைச் சொல்லி வைத்தேன். பிறகு யாரும் போய்ச் சொல்ல முதல் நானே சொல்லுவது நல்லது. என்ன வேஷம் என்று கேட்டான். தகப்பன் என்றேன். துவக்கு இருக்கா என்று சுடுகிற மாதிரிக் கையைக் காட்டினான். இல்லை, கையில் தோடம்பழம் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். எழுதிக்கொண்டான்.

எனக்கு மூன்று பெயர். கோயில் புத்தகத்தில் சூசைதாஸ். பட போஸ்டரில் பிரேம். மூன்றாவது இயக்கம் வைத்தது, அதை இங்கேயும் எழுதமாட்டேன், அந்தப் பெயரில் ஆரும் கூப்பிட்டால் இப்போதும் கால் தானாக நிற்கும்.

அந்தோனியின் போட்டுக்கு நம்பர் எழுதினேன். 8 சரியாக வந்தது, 3 கோணல். அந்தோனி பார்த்துவிட்டு, கடலில் மீன் வாசிக்காது, விடுங்கோ என்றான்.

ரமணன் தந்த இரண்டு தாளை அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாசித்தேன். எனக்கு மூன்றே மூன்று வசனம்.
“கவனம் மகள்.”
“தோடம்பழம் வைச்சிருக்கிறன், சத்தி வந்தால் மணந்து பார்.”
“போய்ச் சேர்ந்ததும் எழுது.”
அதற்குக் கீழே: தகப்பன் பேசாமல் நிற்கிறார். வள்ளம் மறையும்வரை.

மூன்று வசனமும் நன்றாக வருகிறது. தோடம்பழ வசனம் சொல்லும்போது இல்லாத மகளின் கையில் பழத்தை வைத்துப் பொத்தினேன். பிள்ளை குட்டி இல்லாதவனுக்கு இதெல்லாம் எங்கிருந்து வருகிறதோ. சந்தோஷமாக இருந்தது. சாப்பிடும்போதும் சொல்லிப் பார்த்தேன்.

நாலாவது வரியைச் சொல்லிப் பார்க்க ஏலாது. அது நிற்கிறது. தாளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

ஜூலை 10, செவ்வாய்

ஒத்திகை. பள்ளிக்கூட மண்டபம், கதிரைகளை அடுக்கி இறங்குதுறை என்று வைத்திருந்தார்கள். மகளாக நடிக்கிற பிள்ளை முருங்கனில் இருந்து வந்தவள், கெட்டிக்காரி. வந்ததும் என்னை அப்பா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள், பழகுவதற்காம்.

மூன்று வசனமும் நன்றாகப் போனது. கமெராக்காரன் தலையாட்டினான். பிறகு ரமணன் பக்கத்தில் வந்து மெதுவாக, “இனிப் பேசாமல் நில்லுங்கோ அண்ணை. அந்தப் படத்தில நிண்ட மாதிரி. உங்கட பலமே அதுதான்” என்றான்.

நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று. பத்தில் முதுகு வேர்த்தது. பன்னிரண்டில் எல்லா முகமும் என்னையே பார்க்கிறதைக் கண்டேன், அந்தப் பிள்ளையின் முகமும். ஓடிப்போய்ப் பின்சுவரடியில் சத்தி எடுத்தேன். காலமை சாப்பிட்ட புட்டு அப்படியே.

ரமணன் தண்ணீர் கொண்டுவந்து தந்தான். சாப்பாடு பிழைத்துவிட்டது என்றேன். நம்பவில்லை, ஆனால் மரியாதைக்குத் தலையாட்டினான். வியாழன் பின்னேரம் ஆறு மணிக்குள் வருவேனா இல்லையா என்று சொல்ல வேண்டுமாம். இல்லாவிட்டால் மட்டக்களப்பில் ஒருவரைக் கேட்டு வைத்திருக்கிறானாம். நியாயம்தானே. இறங்குதுறையில் படம் எடுக்க அவனுக்கு ஒரு நாள்தான் அனுமதி.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு இதை எழுதுகிறேன். இதுவரை எழுதினதில்லை. வாசிக்க ஆளில்லை, எழுதலாம்.

பேசாமல் நிற்கிறதைச் சொல்லித் தந்தவர் என் படத்து டிரெக்டர். வயதான மனிசன், இப்போது இல்லை. வசனம் முடிந்ததும் மனசுக்குள் இருபது எண்ணு, என்றார். பார்க்கிறவனால் அந்த இருபதைத் தாங்க ஏலாது, நீ விட்ட இடத்தை அவனே வந்து நிரப்புவான், என்றார். உண்மை. கொழும்பில் தியேட்டருக்குள் இருந்து பார்த்தேன், பதினைந்துக்குள் மூக்குறிஞ்சல் கேட்டது. நான் நடிகன் என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

அடுத்த வருஷம் மச்சாள் கலியாணத்துக்கு வன்னிக்குப் போனேன். மூன்று நாளில் வாறன் என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டுப் போனேன். சண்டை திரும்பத் தொடங்கி, வெளியே வருகிற பாதை பூட்டியது. அம்மா செத்த செய்தியே எனக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தது. வீட்டுக்கு ஒரு ஆள் என்று இயக்கம் கேட்டபோது, கலைப்பிரிவுக்கு வாறன், நான் படத்தில் நடித்தவன், என்று நானே போய்ச் சொன்னேன். அங்கே போனால் முன்னுக்கு அனுப்பமாட்டார்கள் என்ற கணக்கு. சீருடை தந்தார்கள், ஓட்டப் பயிற்சி தந்தார்கள், பிறகு ஐந்து பேரைத் தந்து நாடகம் போடச் சொன்னார்கள்.

தெருவில் போடுகிற நாடகம். மேடையில்லை. மண்ணில் கயிற்றை வட்டமாகப் போடுவோம், அதுதான் மேடை. மூத்த மகன் சண்டைக்குப் போய்ச் சாகிறான், தாய் அழுகிறாள், ஒரு பாட்டு, முடிந்தது. சனம் பார்த்தது, கை தட்டியது, எழும்பி வீட்டுக்குப் போனது. ஒருத்தரும் இயக்கத்தில் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்று பொறுப்பாளர் என்னைக் கேட்டார். நான் யோசித்தேன். வெட்கங்கெட்டவன், ஒரு நடிகனாக இருந்து யோசித்தேன். கடைசிப் பாட்டை வெட்டினேன். செத்தவனுடைய செருப்பை வட்டத்துக்கு நடுவில் வைத்தேன். மற்ற எல்லாரையும் வெளியே அனுப்பினேன். தகப்பனாக நான் மட்டும். “இது ஆருக்கு அளவு?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றேன்.

முதல் ஊரில் பதினாலு எண்ணும்போது ஒருத்தன் எழும்பி வந்து செருப்பில் காலை வைத்தான். பிறகு பறை அடிக்கும், மற்றவர்கள் தோளில் கைபோட்டு வாகனத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள், நான் கயிற்றைச் சுற்றி எடுப்பேன். அடுத்த ஊர். எந்த ஊரும் பதினெட்டைத் தாண்டியதில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் எண்ணவில்லை. என் எண்ணிக்கை இருபதோடு சரி.

கடைசியில் என்னிடமும் துவக்கைத் தந்தார்கள். நாலு மாதம் பதுங்குகுழி. அதில் எழுத ஒன்றுமில்லை. பயந்தேன், ஓடினேன், கையைத் தூக்கினேன். முகாமில் விசாரித்தவர்கள் எல்லாரும் அந்த நாலு மாதத்தைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். எத்தனை பேரைச் சுட்டாய் என்று கேட்டார்கள். நாடகத்தை ஒருத்தரும் கேட்கவில்லை.

ஜூலை 11, புதன்

பள்ளிமுனைக் கரை. இரண்டாவது போட்டுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன், ‘சந்த அந்தோனியார் துணை’, துணையின் ‘து’வில் நிற்கிறபோது பின்னால் ஒரு பொம்பிளை நின்றா. ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். குடை காற்றில் மறுபக்கம் மடங்கி, கம்பி எல்லாம் வெளியே. அதை நிமிர்த்தவும் இல்லை.

படத்தில் நடித்த பிரேம் நீங்கள்தானோ என்று கேட்டா. ஓம் என்றேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு ரசிகை ஒருத்தி என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். எழுதத்தான் வேண்டும், சந்தோஷப்பட்டேன்.

பேக்கைத் திறந்து ஒரு படத்தை எடுத்தா. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்து, மேலே பிளாஸ்டிக் ஒட்டினது. காணாமல்போன பிள்ளைகளைத் தேடிக் கந்தோர் கந்தோராகப் போகிற தாய்மாரிடம் இருக்கிற அதே மாதிரி. ஓரம் எல்லாம் கை பட்டுக் கறுத்திருந்தது. மகன். அன்ரன். பதினேழு வயது. அவவின் பெயர் பிலோமினா, ஊர் ஓலைத்தொடுவாய். மகன் விடத்தல்தீவில் மாமனோடு கடல் தொழிலுக்குப் போனவன். அங்கே பள்ளிக்கூட வளவில் ஒரு பின்னேரம் நாடகம் பார்த்தவன். செருப்பைப் போட்டவன். கூட நின்ற பொடியள் வந்து, பிரேம் செய்த நாடகம் என்று சொன்னார்களாம். அதற்குப் பிறகு ஒரு கடிதம், பிறகு ஒன்றுமில்லை. உயிரோடு இருக்கிறானா என்றுகூட ஒருத்தரும் சொல்கிறார்கள் இல்லை.

பிரஷ் கையில் இருந்தபடியே மண்ணில் இருந்துவிட்டேன். ஏசுவா என்று பார்த்தேன். மண் அள்ளி எறிவா என்று பார்த்தேன். எறிந்திருந்தால் எனக்கு நிம்மதி. இந்த மூன்று வருஷமும் அதைத்தான் காத்துக்கொண்டிருந்தேன் போல. அவ எறியவில்லை. எனக்கு முன்னால் குந்தி இருந்து, சத்தமில்லாமல் சொன்னா.

“மகனைத் தா எண்டு நான் உன்னட்டைக் கேக்க வரேல்லைத் தம்பி. அதைக் கேக்கவேண்டிய ஆக்களிட்டைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். அவன் கண்டதை எனக்கும் ஒருக்காக் காட்டு. எதைப் பாத்திட்டு என்னை விட்டிட்டுப் போனவன் எண்டு நான் பாக்கோணும்.”

அதெல்லாம் இப்போது செய்வதில்லை, மறந்துபோனேன் என்றேன். பொய் என்று அவவுக்கும் விளங்கியது. நாளைக்கு முழுக்க வீட்டில்தான் இருப்பா என்றும், மாதா சொரூபத்துக்குப் பின்னால் நீலக் கேற் என்றும் சொல்லிவிட்டு எழும்பிப் போனா. குடை அப்படியே மடங்கினபடி.

அவவுக்கு என்னை எப்படித் தெரியும்? நாசர் நானா. நம்முடைய ஹீரோ திரும்ப நடிக்கப் போகிறார் என்று மீன் சந்தை முழுக்கச் சொல்லியிருக்கிறார், பெருமைக்கு. கடைக்குப் போய் வாய்க்கு வந்தபடி ஏசினேன். மனிசன் தலையைக் குனிந்துகொண்டு கிளாஸ் கழுவினார். விஷயத்தைச் சொன்னதும் கழுவுவதை நிறுத்தினார்.

போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. தன் கதையைத்தான் சொன்னார். புத்தளத்திலிருந்து வந்த அன்றைக்குத் தன் பழைய வீட்டு வாசலில் போய் நின்றாராம். உள்ளே வேறு ஆட்கள். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து அவர்கள் பயந்துவிட்டார்களாம். “நான் வீட்டைத் தாங்க எண்டு கேக்கல்ல. ஒருக்கா உள்ளுக்கு வந்து பாத்திட்டுப் போறன் எண்டுதான் கேட்டன். அந்த ஆள் கதவைத் திறந்து விட்டாரு. அண்டைக்கு ராத்திரிதான் இருவது வருஷத்துக்குப் பொறகு நான் நித்திரை கொண்டன்” என்றார்.

ஏசினதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்துக் கேட்காமல் வந்துவிட்டேன். சாப்பிடவில்லை. காற்று.

ஜூலை 12, வியாழன்

போனேன்.

ஏன் போனேன் என்று பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். அவவுக்குச் செய்ய ஏலாவிட்டால் கமெராவுக்குச் செய்ய எனக்கு என்ன உரிமை. இப்படி எழுதினால் பெரிய மனிசன் மாதிரி இருக்கிறது. உண்மையில், வீட்டில் இருக்கப் பயமாக இருந்தது.

பதினொரு மணி. நீலக் கேற். அவ முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தா. பூவரச நிழலில் ஒரு கதிரை, தனக்கு. நான் வருவேன் என்று எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. புருஷன் கடலோடு போய்ப் பத்து வருஷமாம்.

தொடங்க முதல் ஒரு கேள்வி கேட்டா. “அவன் எப்பிடி எழும்பி வந்தவன்? ஓடி வந்தவனோ, நடந்து வந்தவனோ? திரும்பிப் பாத்தவனோ?”

கடவுளே. அந்த நிமிஷம் என் தலைக்குள் பத்து விதம் தயாராக நின்றது. மெதுவாக எழும்புகிறான். சேட்டில் ஒட்டின மண்ணைத் தட்டுகிறான். வீட்டுப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பார்க்கிறான். நான் செய்து காட்டியிருப்பேன், அவ சாகும்வரை அதைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்திருப்பா. இவ்வளவு காலம் நான் கற்றது அதைத்தானே. நாக்கு நுனி மட்டும் வந்தது.

“எனக்கு நினைவில்லை அக்கா. கனபேர் வந்தவை. ஒருத்தற்றை முகமும் நினைவில்லை” என்றேன்.

என்னைப் பார்த்தபடி இருந்தா. எவ்வளவு நேரமென்று தெரியாது, நான் எண்ணவில்லை. பிறகு சொன்னா, இதுவரை அவவிடம் வந்தவர்கள் எல்லாரும் கண்டவர்களாம். ஒருத்தன் ஒரு முகாமில் கண்டானாம். ஒருத்தன் கப்பலில் ஏறினதைக் கண்டானாம். சாத்திரக்காரன் தெற்கே இருக்கிறான் என்றானாம். “நீ ஒருத்தன்தான் நினைவில்லை எண்டு சொல்லுறாய். சரி. செய்” என்றா.

கயிறு கேட்டேன். வலைக் கயிறு கொண்டுவந்து தந்தா. வட்டமாகப் போட்டேன். மற்ற ஐந்து பேருடைய வேஷத்தையும் நானே தனியாகச் செய்ய வேண்டும். முதலில் குரலே வரவில்லை, வந்ததைக் காற்று கொண்டுபோனது. நடுவில் ஒரு கோழி வட்டத்துக்குள் வந்து கிளறியது. அவ சூய் என்று கலைத்துவிட்டு, நீ செய் என்றா. தொடக்கப் பாட்டில் இரண்டாவது அடி மறந்துபோய்த் தாயின் அழுகைக்குத் தாவினேன்.

பிறகு வந்துவிட்டது. எல்லாம் வந்துவிட்டது. எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எங்கே குரலை உடைக்க வேண்டும், எல்லாம் உடம்புக்குள் அப்படியே கிடந்திருக்கிறது. அந்தத் தாய்க்கு முன்னால் நின்றுகொண்டு, நன்றாகச் செய்கிறேன் என்று எனக்குச் சந்தோஷம் வந்தது. எழுதிவிட்டேன். அழிக்கமாட்டேன்.

கடைசி. செருப்பு இல்லை, என்னுடையதைத்தான் கழற்றி நடுவில் வைத்தேன். ரப்பர் செருப்பு, குதி தேய்ந்தது. அவவைப் பார்க்காமல்தான் அந்த வசனத்தைச் சொன்னேன். “இது ஆருக்கு அளவு?”

நின்றேன். ஒன்று. இரண்டு. காற்று கேற்றை அடித்தது. ஏழில் பல்லைக் கடித்துக்கொண்டேன். பத்து. இருபது மட்டும் எண்ணிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவது என்று நினைத்திருந்தேன். பதினாறில் கதிரை அரக்கிய சத்தம் கேட்டது.

அவ எழும்பி வந்தா. கயிற்றைத் தாண்டும்போது சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டா. செருப்புக்குள் ஒரு காலை வைத்தா, பிறகு மற்றதை. பெரிசு, குதிக்குப் பின்னால் இரண்டு விரல் இடம் இருந்தது. எனக்கு நேரே நின்று என் முகத்தைப் பார்த்தா.

அந்த இடத்துக்குப் பிறகு எனக்கு வசனம் கிடையாது. எழுதினதே நான்தான், நான் எழுதவில்லை. பறை அடிக்க ஆளில்லை, தோளில் கைபோட ஆளில்லை. அவ அப்படியே நின்றா.

“இனி என்ன?” என்று கேட்டா.

“வீட்டை போங்கோ” என்றேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. “கழட்டிப்போட்டு வீட்டை போங்கோ அக்கா.”

“இதை அண்டைக்குச் சொல்லியிருக்கலாம்” என்றா.

ஓம். சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு ஊரிலும் சொல்லியிருக்கலாம். சொன்னால் இயக்கம் என்னை என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை. அதை அவவிடம் சொன்னேன், பயம் என்று. மண்ணில் இருந்து அழுதேன். அவ அழவில்லை. செருப்பைக் கழற்றி, மண்ணைத் தட்டி, என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தா. சீனி கொஞ்சம் அதிகம். இரண்டு பேரும் குடித்தோம். வெளிக்கிடும்போது கேற் மட்டும் வந்து, நல்லாத்தான் செய்கிறாய், நான் பிள்ளையாய் இருந்தால் நானும் போயிருப்பேன், என்றா. பாராட்டா ஏச்சா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

5.50க்கு ரமணனுக்குப் போன் எடுத்தேன். வாறன் என்றேன்.

ஜூலை 13, வெள்ளி

தலைமன்னார். காற்று குறைவு. அதிகாலையிலேயே வான் வந்தது, இந்த முறை ஓடவில்லை.

பழைய இறங்குதுறையில் பாதிப் பலகை இல்லை. கம்பியில் காகம். மேக்கப் பிள்ளை என் தலையை நரைக்க வைக்கப் பவுடரோடு வந்து, பார்த்துவிட்டுத் திருப்பிக்கொண்டு போனாள், தேவையில்லை என்று.

கவனம் மகள். தோடம்பழம் வைச்சிருக்கிறன். போய்ச் சேர்ந்ததும் எழுது. மூன்றும் ஒரே தடவையில் போனது. வள்ளம் வெளிக்கிட்டது. வேடிக்கை பார்க்க ஊர்ச்சனம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது, கதைப்பதை நிறுத்திவிட்டது. இனி நான் பேசாமல் நிற்க வேண்டும், வள்ளம் மறையும்வரை.

நின்றேன். சத்தி வரவில்லை. எண்ணினேன். ஒன்பதில் சனம் மூச்சுப் பிடித்தது கேட்டது. எனக்குத் தெரியும் அந்தச் சத்தம். இன்னும் கொஞ்சம் நின்றால் அழுவார்கள், இன்னும் கொஞ்சம் நின்றால் நான் சொல்வதெல்லாம் செய்வார்கள்.

திரும்பி நடந்தேன். வள்ளம் இன்னும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. எழுதினதில் அப்படி இல்லை. கமெரா ஓடுகிறது என்பதையும் மறந்து ரமணன் பின்னால் இருந்து கூப்பிட்டான். “அண்ணை, எங்கை போறியள்?”

சனம் நின்ற பக்கம் பார்த்துச் சொன்னேன். “வீட்டை போறன். நீங்களும் போங்கோ.”

அவன் அதையும் படம் எடுத்துவிட்டான். தன் குரலை மட்டும் வெட்டிவிட்டு அப்படியே வைக்கப்போகிறானாம். வைக்கட்டும்.